நிமிராத முழங்கை

என் மருமகள் நெவேனாவின் இடது முழங்கை நிமிராது. நிமிரும் என்பாள் அவள். நிமிராது என்பேன் நான். எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி இதைப் பற்றி, மீதி சூப்பில் உப்பைப் பற்றி. உப்பு விஷயத்தில் சில நாள் அவள் சொன்னது சரியாக இருந்திருக்கலாம். முழங்கை விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

ஸ்லிவெனில் கம்பளி ஆலைக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. நெவேனா அந்த ஆலையில் நூல் சுற்றும் வேலைக்கு வந்தபோது சின்னப் பெண். ஆலைக்குச் சொந்தமாகப் பளு தூக்கும் கூடம் ஒன்று இருந்தது. பெண்களும் தூக்கலாம் என்று பெரிய இடத்தில் அப்போதுதான் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் ரதோய் ஆலைப் பெண்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருத்தியையும் உட்கார்ந்து எழச் சொன்னார். இரண்டு பேரைப் பொறுக்கி எடுத்தார். ஒருத்தி நெவேனா. இன்னொருத்தி வெலிச்கா. ஒரே பெஞ்சு, கையில் தடவும் வெள்ளைப் பொடிக்கு ஒரே பெட்டி, ஒரே துண்டு. ஒருத்திக்குச் சளி பிடித்தால் மற்றவள் தும்முவாள், அப்படி இருந்தார்கள்.

சோபியாவில் பெண்களுக்கு முதன்முதலாகப் போட்டி வைத்தார்கள். அதற்கு முந்தைய வாரம், கூடத்தில், தலைக்கு மேல் போன பளு பின்னால் சரிந்தது. நெவேனா கையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. முழங்கை பிசகி எலும்பும் உடைந்தது. வெலிச்கா மட்டும் சோபியாவுக்குப் போனாள், பதக்கத்தோடு வந்தாள். மருத்துவமனைக்குச் சீமைமாதுளை ஜாம் ஒரு ஜாடி எடுத்துக்கொண்டு பார்க்க வந்தாள். போகும்போது கதவுக்கு வெளியே நர்ஸிடம் சொன்னாளாம்: "பாவம், இனிமே அவளால என்ன முடியும்." உள்ளே படுத்திருந்தவள் காதில் அது விழுந்தது. அந்த ஜாமை நெவேனா தொடவே இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் தின்று தீர்த்தாள்.

அப்போது என் மகன் தோப்ரியோடு அவளுக்குப் பேசி முடித்திருந்தது. மாவுக்கட்டோடுதான் கோயிலில் வந்து நின்றாள். மோதிரம் வலது கையில் போடுவது நம் வழக்கம் ஆனதால் பாதிரியாருக்குத் தொல்லை இல்லை. கட்டைப் பிரித்த பிறகு கை வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. நீட்டினால் கடைசியில் கொஞ்சம் மடங்கியே நிற்கும். கூடை தூக்க, நூல் சுற்ற, மாவு பிசைய அந்தக் கை போதும். தலைக்கு மேல் பளுவைப் பூட்டி நிறுத்த மட்டும் போதாது. பளு தூக்குகிறவர்களுக்கு அந்தக் கடைசிக் கொஞ்சம்தான் எல்லாம். அங்கே முழங்கை பூட்டவில்லை என்றால் தூக்கியது தூக்கியதே இல்லை.

வருஷங்கள் ஓடின. ஆலையை மூடினார்கள். அவள் மருத்துவமனைச் சலவைக் கூடத்துக்கு வேலைக்குப் போனாள். தோப்ரி லாரி எடுத்துக்கொண்டு ஜெர்மனிப் பக்கம் போய்விட்டான். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் முகம் தெரியும். வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள், ஒரு பூனை.

குளிர்காலத்துக்கு மிளகாய் சுட்டு வைக்கும் பருவத்தில் ஒரு நாள் சந்தைக்குப் போயிருந்தோம். குடைமிளகாய் மூட்டை ஒன்றை நெவேனா தரையிலிருந்து எடுத்துத் தோளில் வைத்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். ரதோய். தலைமுடி எல்லாம் போய், தடி ஊன்றி நின்றார்.

"இன்னும் முதுகு வளையல உனக்கு," என்றார். "மூட்டை முழங்கால ஒட்டியே ஏறுது. நான் சொல்லிக் கொடுத்ததை மிளகாய்க்குச் செலவழிக்கிறியா?"

"அண்ணே, எனக்கு அறுபது ஆகப்போவுது."

"எனக்கு எண்பது. யாரு கேட்டா? பள்ளிக்கூடத்துக்குக் கீழ் அறையில நம்ம கூடத்துப் பழைய சாமான் எல்லாம் போட்டு வெச்சிருக்கேன். கிழடுங்க நாலு பேர் வர்றாங்க. வயசு வாரியாப் போட்டி கூட உண்டு இப்போ. வா."

"கை நிமிராதே."

"கை நிமிரலன்னா கால் இருக்குல்ல. வா."

போனாள். எனக்குப் பிடிக்கவில்லை. சலவைக் கூடத்தில் ஈரப் போர்வை தூக்குவது போதாதா என்று கேட்டேன். "அதுக்கு யாரும் வெள்ளை விளக்கு போட மாட்டாங்க அத்தை," என்றாள்.

விளக்கு என்றால் இதுதான்: மூன்று நடுவர்கள் இருப்பார்கள். தூக்கியது சரி என்றால் வெள்ளை, தப்பு என்றால் சிவப்பு. இரண்டு வெள்ளை வந்தால் உன் பெயருக்கு நேரே ஒரு எண் ஏறும்.

"என் பேருக்கு நேரா ஒரு எண்ணு இல்ல," என்று ஒரு முறை சொன்னாள், பீன்ஸ் உரித்துக்கொண்டே. "நாப்பதோ அம்பதோ, ஏதோ ஒண்ணு. பெரிசா ஒண்ணும் வேணாம் அத்தை. ஒண்ணே ஒண்ணு."

வயதான உடம்பைப் பழக்குவது வேறு வேலை. இளசாக இருந்தபோது இவர்கள் தினமும் முடிந்த மட்டும் தூக்கினார்கள். அதுதான் நம் நாட்டுப் பழக்கம், அதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். இப்போது ரதோய் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "கிழ உடம்பு மண் அடுப்பு. மெதுவாச் சூடாகணும். அவசரப்பட்டா விரிசல் விட்டுரும்," என்பார். வாரத்தில் ஒரு நாள்தான் கனம். மற்ற நாளெல்லாம் விளக்குமாற்றுக் குச்சி. எங்கள் சமையலறையில் அந்தக் குச்சியோடு அவள் எழுவதும் இறங்குவதுமாக இருப்பாள். பூனை போய் மேஜைக்கு அடியில் படுத்துக்கொள்ளும்.

அவளுடைய பழைய தப்பு, கையை முதலிலேயே இழுப்பது. சின்ன வயதில் கைக்கு அவ்வளவு பலம், அதனால் தப்பு தெரியவில்லை. இப்போது தெரிந்தது. கால் தள்ளி முடிக்கும் வரை கை தூங்குகிற மாதிரி கயிறாகத் தொங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் உடம்பு கீழே நழுவிப் பளுவுக்கு அடியில் போக வேண்டும் என்றார் ரதோய். பார்த்துப் பார்த்து எனக்கே தெரிந்துவிட்டது.

"கை முழிச்சிருச்சு," என்பேன் அடுப்படியிலிருந்து.

"தூங்குது அத்தை."

"நான் பார்த்தேன்டி. குச்சி மேல ஏறறதுக்கு முன்னாடியே முழங்கை மடங்குச்சு."

"உங்களுக்குக் கண்ணே தெரியாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"தூரத்துல தெரியாதுன்னார். உன் முழங்கை எங்க, மாஸ்கோவிலயா இருக்கு?"

தோப்ரி போன் செய்தால் அவனும் சேர்ந்துகொள்வான். "அம்மா, அவளை எதை வேணும்னாலும் தூக்கச் சொல்லு. நான் வந்தா என்னைத் தூக்கி வெளிய போடாம இருந்தாச் சரி."

கால் பலமானது. முதுகு பலமானது. பளு உடம்பை ஒட்டியே ஏறப் பழகியது. முழங்கை மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். சாயங்காலம் டி.வி.யில் துருக்கித் தொடர் ஓடும். மேஜை ஓரத்தில் துண்டை மடித்து வைத்து, அதன் மேல் முழங்கையை வைத்து, மணிக்கட்டில் ஒரு வாளியைத் தொங்கவிடுவாள். வாளியில் மணல். தொடர் முடியும்வரை அப்படியே. வலியில் உதடு வெளுத்துவிடும். தொடரில் யாராவது செத்தால் அழுகிற சாக்கில் அழுதுகொள்வாள். நான் பார்க்காத மாதிரி பின்னலை எடுத்துக்கொள்வேன். வாளி மணல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. முழங்கை வீங்கியது.

கடைசியில் டாக்டரிடம் போனாள். படம் எடுத்தார்கள். மூட்டு தேய்ந்து போய்விட்டது, எலும்பு எலும்போடு உரசுகிறது, இலையுதிர் காலத்தில் மூட்டையே மாற்ற வேண்டும் என்றார்.

"மாத்தினதுக்கு அப்புறம் தூக்கலாமா?"

"எதை?" என்று டாக்டர் கேட்டாராம். அவ்வளவுதான் பதில்.

முதியோர் போட்டி வசந்த காலத்தில், எங்கள் ஊர் விளையாட்டு அரங்கத்திலேயே நடப்பதாக இருந்தது. அதற்கு அடுத்தது என்று ஒன்று அவளுக்கு இல்லை. இது எங்கள் மூவருக்கும் தெரியும்.

ரதோய் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். முழங்கை நிமிராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. போட்டி தொடங்குவதற்கு முன் நடுவரிடம் போய்க் கையை நீட்டிக் காட்ட வேண்டும். என் கை இவ்வளவுதான் வரும் என்று. காட்டிவிட்டால் அந்த அளவுக்கு ஒப்புக்கொள்வார்கள். காட்டாவிட்டால், மடங்கியிருக்கிறது என்று சிவப்பு போட்டுவிடுவார்கள். தொடங்கிய பிறகு காட்டினால் செல்லாது.

"போனதும் முதல் வேலை அது. எடை பார்க்கிற இடத்துலயே காட்டிரு," என்றார்.

"சரி அண்ணே."

தலைமை நடுவர் யார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வெலிச்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து, ஓய்வு பெற்று, நடுவர் ஆகியிருக்கிறாள். நெவேனா அன்றைக்கு வாளியில் இன்னும் ஒரு கரண்டி மணல் போட்டாள்.

போட்டியன்று காலையில் சரக்கறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்று கையை நீட்டினாள். "பாருங்க அத்தை. நேரா இருக்கா?"

நிலைக்கும் முழங்கைக்கும் நடுவில் என் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். போனது.

"விரல் போவுது."

"உங்க விரல் ஒல்லி."

"இந்த விரலுக்கு ஒல்லின்னு யாரும் சொன்னதில்ல. வளைஞ்சிருக்குடி. போய் அவகிட்ட காட்டு."

"நேராத்தான் இருக்கு."

"காட்டினா என்ன, கையை வெட்டிருவாளா?"

"அத்தை, அவ வாயிலேருந்து அந்த வார்த்தையை நான் இன்னொரு தடவை கேட்க மாட்டேன்." சட்டையைப் போட்டுக்கொண்டாள். "நாலு வருஷமா வாளி தொங்கவிட்டிருக்கேன். நேராத்தான் இருக்கு."

நான் காலையிலேயே மெல்லிய மாவுத் தகட்டில் சீஸ் வைத்துப் பனிட்சா சுட்டிருந்தேன், ஜெயித்தால் தின்ன, தோற்றாலும் தின்ன. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

எடை பார்க்கும் அறைக்குள் தூக்கப்போகும் பெண்கள் மட்டும் போனார்கள். ரதோயும் நானும் வெளியே நின்றோம். அவள் வெளியே வந்ததும் அவர் கேட்டார்.

"காட்டினியா?"

"காட்டிட்டேன்."

"ஒத்துக்கிட்டாங்களா?"

"ம்."

அவர் நிம்மதியாகத் தடியை ஊன்றி நடந்தார். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அவள் பதில் சொல்லும்போது கட்டைவிரலில் டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். டேப் சுற்றும்போது அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

முதலில், ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோவது. நாற்பது. அவ்வளவு தூரத்தில் எனக்கு எண் தெரியாது, ஆனால் தண்டில் மாட்டுகிற எடைத் தட்டின் நிறம் தெரியும். ஒரு பக்கம் ஒரு பச்சை. கூடத்தில் இதை அவள் எத்தனையோ முறை சுலபமாக எடுத்திருக்கிறாள். பொடி தடவிக்கொண்டு வந்தாள். குனிந்தாள். கட்டைவிரலை உள்ளே மடக்கிப் பிடித்தாள். நான் அவளை ஆயிரம் குறை சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு ஒன்றும் சொல்ல இடம் இல்லை. கை தூங்கியது. கால் தள்ளியது. தண்டு சட்டையை உரசிக்கொண்டு ஏறியது. அவள் கீழே நழுவி, பிடித்து, எழுந்து நின்றாள். வெலிச்கா கையை இறக்கிக் காட்டினாள். நெவேனா பளுவைக் கீழே விட்டாள்.

சிவப்பு. சிவப்பு. ஒரு வெள்ளை.

ரதோய்க்கு முகம் கறுத்துவிட்டது. தடியை மறந்து நடுவர் மேஜைக்குப் போனார்.

"கையைக் காட்டினாளே உங்ககிட்ட."

"யாரும் எங்கிட்ட எதையும் காட்டலண்ணே," என்றாள் வெலிச்கா. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டி, நீலக் கோட்டு போட்டிருந்தாள். குரல் தாழ்ந்திருந்தது. "தொடங்கிடுச்சு. இனிமே நான் ஒண்ணும் செய்ய முடியாது. மத்த ரெண்டு பேர் இருக்காங்க."

ரதோய் திரும்பி வந்து நெவேனா முன்னால் நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"ஏம்மா?"

"நிமிருதுன்னு நினைச்சேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு முறை அறிவித்த பளுவைக் குறைக்க முடியாது, அது அங்கே சட்டம். தண்டில் எடை ஏறும், இறங்காது. குறைத்திருந்தாலும் என்ன, முழங்கை முழங்கைதான். இரண்டாவது முறையும் அதே நாற்பது, அதே அழகு, அதே சிவப்பு. மூன்றாவது முறை முழங்கையை வலுக்கட்டாயமாக நிமிர்த்தப் பார்த்தாள். பளு முன்னால் போய் விழுந்தது.

அடுத்தது தோளுக்கு ஏற்றி அங்கிருந்து மேலே தள்ளுவது. ஐம்பது. மஞ்சள் தட்டு. மூன்று வாய்ப்பு. நான் ரதோயிடம் கேட்டேன், இப்போதாவது ஏதாவது வழி உண்டா என்று.

"நிமிர்ந்தா உண்டு தோனாம்மா," என்றார்.

முதலாவது சிவப்பு. இரண்டாவது சிவப்பு. மூன்றாவதுக்கு வரும்போது அவள் முழங்கை வீங்கி, சட்டைக் கை இறுகியிருந்தது. தோளுக்கு ஏற்றினாள். நின்றாள். தள்ளினாள். பளு மேலே போய் நின்றது. ஆடவில்லை. வெலிச்கா கையை இறக்கினாள். கீழே விடலாம் என்று அர்த்தம்.

நெவேனா விடவில்லை.

அப்படியே நின்றாள். வலது கை கம்பி மாதிரி நேராக இருந்தது. இடது கை என் சுண்டுவிரல் அளவுக்கு மடங்கியிருந்தது. தூரத்தில் எனக்குக் கண் தெரியாது என்கிறார்கள், அது தெரிந்தது. அறைக்குள்ளே ஒருத்தியிடம் காட்டியிருக்க வேண்டியதை இப்போது ஊருக்கே காட்டிக்கொண்டு நின்றாள்.

"கீழ விடு நெவேனா," என்றாள் வெலிச்கா. நடுவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று நினைக்கிறேன். கூப்பிட்டாள். "போதும். விடு."

விட்டாள். மூன்றும் சிவப்பு. ஜனங்கள் எழுந்து கை தட்டினார்கள். அவள் தலை குனிந்து உள்ளே போனாள். கல்லெறிக்குக் குனிகிறவள் மாதிரி போனாள்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே நீளமாக ஒரு நடை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் பனிட்சாவைப் பிரித்தேன். யாரும் தொடவில்லை. போட்டி முடிந்து வெலிச்கா வந்தாள். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"ரெண்டு தடவை கேட்டேன் உன்னை," என்றாள். "சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கான்னு. மத்தவங்களை ஒரு தடவைதான் கேட்டேன். உனக்காகத்தான் திரும்பக் கேட்டேன். அந்த முழங்கை எனக்குத் தெரியாதா? நான் அங்கதானே நின்னேன் அன்னிக்கு. நீயா காட்டாம நானா எப்படி எழுதறது? ஏன் காட்டல?"

"நீ பாவம்னு சொல்வே."

"என்னது?"

"ஆஸ்பத்திரியில சொன்னே. கதவுக்கு வெளிய. பாவம், இனிமே அவளால என்ன முடியும்னு."

வெலிச்கா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், நெற்றி சுருங்கியது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், நடிக்கிறாளா என்று. நடிக்கவில்லை.

"நான் அப்படிச் சொன்னேனா?" என்றாள். "எனக்கு ஞாபகமே இல்லையே நெவேனா."

நெவேனா டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள். இடது கை வேலை செய்யவில்லை, பல்லால் கடித்துப் பிரித்தாள். அந்த ஜாம் ஜாடியிலிருந்து இந்தப் பெஞ்சு வரைக்கும் அவள் சுமந்து வந்த வார்த்தை, சொன்னவளுக்கே நினைவில்லை. வெலிச்கா திட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். வெலிச்கா என் கையிலிருந்து ஒரு துண்டு பனிட்சா வாங்கினாள். தின்னவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு யாரோ கூப்பிட்டார்கள், போனாள்.

ரதோய் அதற்குப் பிறகும் வாரா வாரம் போன் செய்தார். "கால் இருக்குல்ல, சும்மா குந்தி எழலாம் வா," என்பார். நெவேனா போனை என்னிடம் கொடுத்துவிடுவாள். "குளிக்கிறாண்ணே," என்பேன் நான். அந்தக் கோடையில் அவள் குளித்த குளியலுக்கு ஆறே வற்றியிருக்கும்.

விளக்குமாறு விளக்குமாறாகவே இருந்தது. வாளி மணலைப் பூந்தொட்டியில் கொட்டினாள். துருக்கித் தொடரும் முடிந்துவிட்டது.

இலையுதிர் காலத்தில் முழங்கை மூட்டை மாற்றினார்கள். நல்ல டாக்டர்கள், குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு அனுப்பும்போது, இந்தக் கையால் இனி ஒரு கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது, ஆயுசுக்கும், என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு கிலோ என்றால் தயிர் ஜாடி. அதுவும் நிறைய இருந்தால் தூக்கக் கூடாது.

முட்டைக்கோசைப் பீப்பாயில் ஊறப்போடுகிற சமயம் அது. நான் உப்பு கரைத்துக்கொண்டிருந்தேன். நெவேனா எழுந்துபோய் சரக்கறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். இடது கையை நீட்டினாள்.

"அத்தை. விரல் வெச்சுப் பாருங்க."

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். சுண்டுவிரலை விட்டேன். போகவில்லை. திரும்பி, வேறு பக்கமாக விட்டுப் பார்த்தேன். அப்போதும் போகவில்லை. புது மூட்டு, நிலையோடு ஒட்டி நின்றது.

"நிமிருது," என்றேன்.

"நிமிருதுன்னு சொன்னேன்ல," என்றாள்.

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். கையை இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வாளியில் உப்புத் தண்ணீர் நிறைந்திருந்தது. மணல் இருந்த அதே வாளிதான், கழுவி எடுத்திருந்தேன். அதைப் பீப்பாய்க்குக் கொண்டுபோக வேண்டும். அவள் வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் குனிந்தேன்.

"முதுகை வளைக்காதீங்க," என்றாள் மெதுவாக. "காலால தள்ளுங்க."

நான் காலால் தள்ளினேன்.